பரதேசியின் வழக்கு
யூத மறையும் அகதிகளின் உரிமையும் - ஒரு பாடம்



'பரதேசி' என்ற சொல்லை நாம் இன்று எவ்வாறு வழங்குகின்றோம் என்று எண்ணிப் பாருங்கள். கொட்டாஞ்சேனைச் சந்தியிலோ வெள்ளவத்தைச் சந்தையிலோ ஒருவரை அச்சொல்லால் அழைத்தால் சண்டைதான் மூளும். கதியற்றவன், பிச்சையெடுப்பவன், மதிப்பில்லாதவன் என்றெல்லாம் அதற்கு வசைப்பொருள் ஏறிவிட்டது. ஆனால் அதன் நேர்ப்பொருள் பிற தேசத்தான் என்பதே. நம் பெற்றோர் வாசித்த பழைய வேதாகம மொழிபெயர்ப்புகளில் அச்சொல் அப்பொருளிலேயே வருகின்றது. கொச்சியில் யூத மக்கள் 1568ஆம் ஆண்டில் கட்டிய செபக்கூடத்துக்குப் 'பரதேசி செபக்கூடம்' என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

வேறு தேசத்திலிருந்து வந்தவன் என்ற வெறும் செய்தி, எப்படி ஒரு திட்டாக மாறியது? எந்தச் சமூகமும் தன்னிடம் வந்து சேர்ந்தவனை நாளடைவில் எப்படிப் பார்க்கத் தொடங்குகின்றது என்பதை இந்த ஒரு சொல்லே காட்டிவிடுகின்றது. இந்தப் போக்கை மாற்றத் தம் மறையிலேயே சட்டம் எழுதி வைத்த மக்கள் யூதர்கள். அவர்களுடைய மறை என்ன சொல்கின்றது, அவர்கள் அதை எவ்வாறு கடைப்பிடித்தார்கள், அது நம்மிடம் எதைக் கேட்கின்றது என்பவற்றை இப்பாடத்தில் முறையாக நோக்குவோம்.

1. மறைநூல் கூறுவது

யூதர்கள் 'தோரா' என்று போற்றும் ஐந்து ஆகமங்களும் நமது பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து நூல்களே. அவற்றில் அந்நியனைக் குறிக்க வரும் எபிரேயச் சொல் 'கேர்' என்பதாகும். தன் ஊரையும் உறவையும் விட்டு, வேறொரு மக்களிடையே காணியோ இனபந்தமோ இன்றி வாழ்பவன் என்பது அதன் பொருள்.

முதலாவது 'கேர்' யார்? அபிரகாமே. மனைவி சாராள் எபிரோனில் இறந்தபோது, அவளை அடக்கம் செய்ய அவருக்கு ஆறடி நிலம் சொந்தமாக இருக்கவில்லை. தேசம் முழுவதும் உனக்கே என்று வாக்களிக்கப்பட்டவர், அவ்வூர்க்காரர் முன் எழுந்து நின்று, தாம் அவர்களிடையே தங்கியிருக்கும் அந்நியர் என்று கூறி, ஒரு குகையை விலைக்குக் கேட்கின்றார். ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அடைக்கலம் தேடி வந்தவன் வாழ்வதற்கு மட்டுமல்ல, சாவதற்கும் இடம் கேட்கவேண்டியிருக்கின்றது.

அடுத்து எகிப்து. யாக்கோபின் குடும்பம் பஞ்சத்தினால் அங்கு சென்றது. முதலில் வரவேற்பு, பின்னர் சந்தேகம், அதன் பின் அடிமைத்தனம். இவர்கள் பெருகிவிட்டார்கள், போர் வந்தால் பகைவரோடு சேர்ந்துகொள்வார்கள் என்று பார்வோன் அஞ்சியதாக யாத்திராகமத்தின் முதல் அதிகாரம் கூறுகின்றது. சிறுபான்மையினர் மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டு மூவாயிரம் ஆண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

விடுதலை பெற்ற இம்மக்களுக்குச் சட்டம் வழங்கப்பட்டபோது ஒரே கட்டளை திரும்பத் திரும்ப வருகின்றது: அந்நியனை ஒடுக்காதே, அவனுடைய மனம் எப்படியிருக்கும் என்பது உனக்குத் தெரியும், எகிப்தில் நீயும் அப்படித்தான் இருந்தாய். யாத்திராகமம் 22, 23; லேவியராகமம் 19; உபாகமம் 10, 24 ஆகிய அதிகாரங்களில் இதனைக் காணலாம். தோராவில் இக்கட்டளை 36 இடங்களில் வருகின்றது, சிலர் 46 என்பர் எனத் தல்மூது என்ற யூத மரபுநூல் கணக்கிட்டுச் சொல்கின்றது. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது ஏன்? மனிதன் எளிதில் மறந்துவிடும் கட்டளை இது என்பதனால்தான் எனலாம்.

இக்கட்டளை வெறும் நல்லெண்ணமாக நின்றுவிடவில்லை. கைக்கும் கணக்குக்கும் எட்டும் விதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது.

கூலி: உன் சகோதரனானாலும் அந்நியனானாலும், கூலிக்காரனுக்குரிய கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கவேண்டும்.

உணவு: வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக்கூடாது. அது அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியது. இங்கே வயல்காரன் கொடையாளி அல்லன் என்பதைக் கவனியுங்கள். உரியவர்கள் தம் பங்கை எடுத்துக்கொள்கின்றார்கள்.

நீதிமன்றம்: சுதேசிக்கும் பரதேசிக்கும் சட்டம் ஒன்றே. அந்நியனின் வழக்கைப் புரட்டுகிறவன் சாபத்துக்கு உள்ளாகின்றான்.

அடைக்கலம்: எசமானிடமிருந்து தப்பி ஓடிவந்த அடிமையை அந்த எசமானிடமே திருப்பி ஒப்படைக்கக்கூடாது. அவன் விரும்பும் ஊரில் அவனைக் குடியிருக்க விடவேண்டும். இது உபாகமம் 23ஆம் அதிகாரம். இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

ரூத்தின் வரலாறு இவ்விதிகள் நடைமுறையில் எப்படியிருந்தன என்பதைக் காட்டுகின்றது. மோவாபு நாட்டுப் பெண்ணான அவள், மாமியோடு பெத்லகேமுக்கு வந்து, போவாசின் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தாள். தாவீது அரசர் அவளுடைய வம்சத்தில் வந்தவர். யூதர்கள் இந்நூலை வாரங்களின் திருவிழாவில், தோரா வழங்கப்பட்டதைக் கொண்டாடும் அதே நாளில், வாசிக்கின்றார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. பிற்கால யூத மறைவல்லுநர் 'கேர்' என்ற சொல்லுக்குப் பல இடங்களில் யூத மறையைத் தழுவி வந்தவர் என்றே பொருள் கொண்டனர். அப்படியானால் இக்கட்டளை வெளியாருக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகின்றது. எகிப்தில் இருந்த இஸ்ராயேலர் எகிப்தியரின் மறையைத் தழுவியவர்கள் அல்லர். அவர்களுடைய நிலையையே காரணமாகக் காட்டும் கட்டளையை அவ்வளவு குறுக்கிவிட முடியாது என்று அகதிகளுக்காகப் பேசும் யூதப் போதகர்கள் விளக்குகின்றார்கள்.

2. பிச்சையா, நியாயமா?

எபிரேயத்தில் ஏழைக்குக் கொடுப்பதைச் 'செதக்கா' என்பார்கள். நீதி என்று பொருள்படும் 'செதெக்' என்ற சொல்லின் வேரிலிருந்தே அது வந்தது. நம் மொழியிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. தருமம் என்றால் நியாயமும் ஆகும், ஈகையும் ஆகும். ஆனால் பேச்சு வழக்கில், "ஐயா தருமம்" என்று கையேந்தும் பொருளே மிஞ்சிவிட்டது. யூத மரபு இரண்டையும் பிரிக்காமல் காத்துவந்தது. ஆகவேதான் அகதிக்குச் சோறு கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அவனுடைய வழக்கை எடுத்துப் பேசவும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வேரூன்றியது.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரும் மறைவல்லுநரான மைமொனிடிஸ், சிறைப்பட்டவர்களை மீட்பது ஏழைகளுக்கு உணவும் உடையும் கொடுப்பதினும் மேலான கடமை என்று வகுத்தார். அவரும் அகதியே. ஸ்பெயினில் கொர்டோவா நகரிலிருந்து குடும்பத்தோடு வெளியேறி, அலைந்து, இறுதியில் எகிப்தில் குடியேறியவர் அவர்.

இந்நினைவு அறிஞரின் ஏடுகளில் மட்டும் இருப்பதன்று. பாஸ்கா இரவில் ஒவ்வொரு யூத வீட்டிலும் கசப்புக் கீரையும் புளியாத அப்பமும் மேசைமீது வைக்கப்படும். பசித்தோர் யாவரும் வந்து உண்ணலாம் என்ற அழைப்போடு அவ்வழிபாடு தொடங்குகின்றது. ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்திலிருந்து புறப்பட்டதாக எண்ணிக்கொள்ளவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றது. அதாவது, துன்பத்தின் நினைவு பழிவாங்குவதற்காக அன்றி, மற்றவனை அறிந்துகொள்வதற்காகப் பேணப்படுகின்றது.

3. கதவு திறந்ததும் மூடியதும்

யூதர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களுள் நம் அயலவரும் உண்டு. ஏறத்தாழ கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிச் செப்பேடு பொறித்துக் கொடுத்தான். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டு இன்றும் பேணப்படுகின்றது. பின்னர் கொடுங்கல்லூரில் வாழ முடியாதுபோன யூதர்களுக்கும், ஸ்பெயினிலிருந்து 1492இல் துரத்தப்பட்டு வந்தோர்க்கும் கொச்சி அரசர் இடமளித்தார். பரதேசி செபக்கூடம் அவருடைய அரண்மனைக்கு அடுத்திருக்கின்றது. அச்செபக்கூடத்தை 1662இல் சேதப்படுத்தியவர்கள் போர்த்துக்கேயர், அதாவது கிறிஸ்தவர்கள், என்பதையும் நாம் மறைக்கக்கூடாது.

ரஷ்யப் பேரரசில் 1881இல் யூதருக்கு எதிரான கலவரங்கள் வெடித்தன. இலட்சக்கணக்கானோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். அவர்களுக்கு உதவ நியூயோர்க்கில் தொடங்கிய முயற்சியே 'ஹயஸ்' எனப்படும் எபிரேயர் குடியேற்ற உதவிச் சங்கமாக வளர்ந்தது. துறைமுகத்தில் இறங்குவோருக்கு மொழிபெயர்ப்பதும், திருப்பி அனுப்பப்பட இருந்தோருக்காக அதிகாரிகள் முன் வழக்குரைப்பதும் அதன் பணியாயிற்று.

ஹிட்லரின் ஆட்சியில் நிலைமை முற்றிற்று. 1938 ஜூலையில் பிரான்சில் ஏவியன் என்னும் ஊரில் 32 நாடுகள் கூடின. அனுதாபம் மிகுதியாக இருந்தது. கதவைத் திறக்க முன்வந்தோர் மிகச் சிலரே. அடுத்த ஆண்டு மே மாதத்தில் 'செயின்ற் லூயிஸ்' என்ற கப்பல் 937 பயணிகளோடு ஹாம்பேர்க்கிலிருந்து புறப்பட்டது. பெரும்பாலும் யூதர்கள். கியூபா ஒரு சிலரைத் தவிர எவரையும் இறங்கவிடவில்லை. அமெரிக்காவும் கனடாவும் ஏற்க மறுத்தன. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பிற்று. திரும்பியவர்களுள் 254 பேர் பின்னர் நாசிகளின் இனப்படுகொலையில் மாண்டனர். மயாமியின் விளக்குகளைக் கண்ணால் கண்டபின் மரணத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்.

இலங்கைக்கும் ஒரு சிலர் வந்தனர். ஜேர்மனியில் ஹனாவு நகரில் யூதக் குடும்பத்தில் 1901இல் பிறந்த சீக்மண்ட் ஃபெனிகர், 1936இல் இங்கு வந்து பௌத்த துறவியாகி ஞானபொனிக தேரர் எனப் பெயர் பெற்றார். அவருடைய தாயாரும் பின்னர் இங்கு அடைக்கலம் புகுந்தார். கொழும்பில் ஒரு சிங்களக் குடும்பம் அவரை ஆதரித்தது. ஆயினும் போர் மூண்டதும், ஹிட்லருக்குத் தப்பி வந்த அதே மனிதரை ஜேர்மன் பிரசை என்று கூறிப் பிரித்தானிய அரசு தியத்தலாவையிலும் பின்னர் இந்தியாவில் டேராடூனிலும் தடுத்து வைத்தது. அகதிக்கு நேரும் விசித்திரம் இது: துரத்திய நாட்டின் பெயராலேயே புகுந்த நாட்டில் சந்தேகிக்கப்படுகின்றான்.

4. சட்டம் பிறந்த விதம்

போருக்குப் பின் உலக மனச்சாட்சி விழித்தது. 1951 ஜூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் அகதிகள் பற்றிய உடன்படிக்கை நிறைவேறியது. அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர்களுள் ஒருவர் போல் வைஸ். வியன்னாவைச் சேர்ந்த யூத சட்ட அறிஞரான அவர், டக்காவு வதைமுகாமில் அடைபட்டிருந்து, பின்னர் இங்கிலாந்துக்குத் தப்பியவர். ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகத்தில் சட்டப் பணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அவ்வுடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு எந்த அகதியையும் திருப்பி அனுப்பலாகாது என்கின்றது. தப்பி வந்த அடிமையைப் பற்றிய உபாகம விதியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே இருபத்தைந்து நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி உண்டு, கருத்து ஒன்றே.

முதலில் இச்சட்டம் 1951க்கு முன்னைய நிகழ்ச்சிகளால் அகதியானவர்களுக்கு மட்டுமே பொருந்திற்று. 1967ஆம் ஆண்டின் இணைப்பு ஏற்பாடே அவ்வரம்பை நீக்கிற்று. அதற்காகவும் உழைத்தவர் போல் வைஸ். அந்த வரம்பு நீங்கியிராவிட்டால், 1983க்குப் பின் இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் போய் இறங்கிய நம் பிள்ளைகள் எந்தச் சட்டத்தைக் காட்டிப் புகலிடம் கேட்டிருப்பார்கள்? நம் வீடுகளுக்கு வந்த வெளிநாட்டுக் காசோலைகளுக்குப் பின்னால், வதைமுகாமிலிருந்து மீண்ட ஒருவரின் உழைப்பும் இருக்கின்றது.

5. பிறருக்காக எழுந்த குரல்

தம் மக்களுக்கென்று தொடங்கிய சங்கம், காலப்போக்கில் யூதரல்லாத அகதிகளுக்கும் பணியாற்ற முன்வந்தது. 1975க்குப் பின் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மக்களைக் குடியேற்ற ஹயஸ் உதவிற்று. முன்னர் அகதிகள் யூதர்கள் என்பதால் உதவினோம்; இன்று நாங்கள் யூதர்கள் என்பதால் உதவுகின்றோம் என்பது அவர்கள் அளிக்கும் விளக்கம்.

கனடாவில் நடந்த ஒன்று நமக்கு மிக நெருங்கியது. இர்விங் அபெல்லா, ஹரல்ட் ட்ரோப்பர் என்ற இரு யூத வரலாற்றாசிரியர்கள், ஹிட்லர் காலத்தில் கனடா யூத அகதிகளை எவ்வாறு தடுத்தது என்பதை அரச ஆவணங்களிலிருந்து ஆராய்ந்தனர். அவ்வாய்வை 1979இல், அச்சாகி நூலாகுமுன்பே, குடிவரவு அமைச்சர் ரொன் அட்கியின் பார்வைக்கு அனுப்பினர். வியட்நாமிலிருந்து படகுகளில் மக்கள் தப்பிக்கொண்டிருந்த வேளை அது. அன்று கதவை மூடிய அமைச்சரைப் போல வரலாற்றில் இடம்பெற அட்கி விரும்பவில்லை. அவ்வாண்டே 50,000 பேரை ஏற்கக் கனடா முடிவு செய்தது. பின்னர் அத்தொகை 60,000 ஆயிற்று. ஒரு பழைய அநீதியை மறைக்காமல் எழுதிவைத்தது, வேறொரு மக்களின் உயிரைக் காத்தது.

அந்நாட்டின் கரையை நம்மவரும் தொட்டனர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 150க்கு மேற்பட்ட தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினர். 2010 ஆகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர்கள் வந்தபோது, திருப்பி அனுப்புங்கள் என்ற கூக்குரல் எழுந்தது. அவ்வேளையில் செயின்ற் லூயிஸ் கப்பலை நினைவூட்டிப் பேசியவர்களுள் கனடா யூதர்களும் இருந்தனர்.

இக்குரலுக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 2018 அக்டோபர் 27ஆம் நாள், ஓய்வுநாள் காலை வழிபாட்டின்போது, அமெரிக்காவில் பிற்ஸ்பர்க் நகரச் செபக்கூடத்தில் ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். ஹயஸ் சங்கம் அந்நியரை நாட்டுக்குள் கொண்டுவருகின்றது என்பதே அவன் வெளிப்படையாக எழுதிய வெறுப்பு. அச்சங்கம் தன் பணியை நிறுத்திவிடவில்லை.

யூத மக்கள் யாவரும் எக்காலமும் இக்கட்டளைப்படி நடந்தார்கள் என்று கூறுவதற்கில்லை. இஸ்ரேல் அரசு 1977இல் வியட்நாம் படகு மக்கள் 66 பேரை ஏற்றது. அதே நாட்டின் பிறப்பின்போது, 1948இல், ஏறத்தாழ 7 இலட்சம் பாலஸ்தீனர் வீடிழந்து அகதிகளாயினர். அவர்களுடைய வழக்கு இன்னும் தீரவில்லை. 2018இல் ஆபிரிக்க அகதிகளை வெளியேற்ற இஸ்ரேல் அரசு திட்டமிட்டபோது, அவர்களைத் தம் வீடுகளில் வைத்துக் காப்போம் என்று அந்நாட்டு ரபிமார் சிலரே முன்வந்தனர். ஒரே மறையை வாசிக்கும் மக்களிடையே இந்த வழக்காடல் இன்றும் தொடர்கின்றது.

6. நமக்குரிய பாடம்

பொரளை வாசகருக்கு அகதி வாழ்வைப் புத்தகத்திலிருந்து விளக்கவேண்டியதில்லை. 1983 ஜூலை 24ஆம் நாள் இரவு, கனத்தை மயானத்தடியில் மூண்ட தீ பொரளையிலிருந்து பரவி, வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் எரித்தது. சொந்த நகரில் முகாம்களில் படுத்து, கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றார்கள். அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்த சிங்கள, முஸ்லிம் குடும்பங்களையும் அவர்கள் மறக்கவில்லை. அதற்கும் முன், 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு பிரதமர்கள் அவர்களைத் தொகை தொகையாகப் பங்கிட்டனர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அந்த வழக்கு பெருமளவில் முடிவுக்கு வந்தது.

ஆனால் நினைவு இருவிதமாக வேலை செய்யும். பட்டவன் பிறருக்காக நெகிழவும் கூடும், கல்லாகவும் கூடும். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் விடுதிகளிலும் வெடித்த குண்டுகளால் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த நாட்களில் நீர்கொழும்பில் வாடகை வீடுகளிலிருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் அச்சுறுத்தித் துரத்தப்பட்டனர். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் நூற்றுக்கணக்கானோர் குழந்தைகளோடு தங்கினர். அவர்கள் யார்? தீவிரவாதிகளுக்குப் பயந்து தம் நாட்டை விட்டோடியவர்கள்; அவர்களுள் அஹ்மதியா முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இருந்தனர். நம் ஆலயங்களைத் தாக்கிய வெறிக்குத் தப்பி வந்தவர்கள், அந்த வெறியின் பெயராலேயே நம் ஊரில் வீடிழந்தார்கள். தியத்தலாவையில் அடைபட்ட யூதரின் கதை இங்கே மீண்டும் நடந்ததல்லவா?

2022 டிசம்பரிலும் 2024 டிசம்பரிலும் ஒவ்வொரு தடவையும் 100க்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் நம் வடகடலில் தத்தளித்துக் கரைசேர்ந்தனர். இலங்கை 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கைச்சாத்திடாத நாடு, இந்தியாவும் அப்படியே. ஆகவே இங்கு வரும் அகதிக்கு இரக்கம் கிடைக்கலாம். உரிமை என்று கேட்கச் சட்டம் இல்லை. வேறு நாடுகளின் கையெழுத்தினால் வாழ்வு பெற்ற நாம், நம் நாட்டின் கையெழுத்தைக் கேட்காமல் இருப்பது முறையாகுமா?

ஆகவே வாசகர்களே, உங்கள் தெருவில் மொழி தெரியாத ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தால், முதலில் அவர்களுடைய பெயரைக் கேட்டறியுங்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க முடியாமல் தவித்தால் அதிபரிடம் கூடப் போய்ப் பேசுங்கள். அவர்களைப் பற்றி வதந்தி பரவினால், அது பொய்யென்று தெரிந்தவர் வாய்திறந்து சொல்லுங்கள். மன்றங்களும் சங்கங்களும் அகதிகளுக்கான சட்டத்தைப் பற்றித் தம் பாராளுமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேட்கட்டும். பரதேசியின் வழக்கு இப்படித்தான் பேசப்படும்.

சிந்தனைக்கு:

1. லேவியராகமம் 19ஐயும் உபாகமம் 24ஐயும் குடும்பமாக வாசியுங்கள். அந்நியனுக்கு ஈகையாகக் கொடுக்கப்படுபவை எவை, உரிமையாக அவனுக்குச் சேருபவை எவை?

2. உங்கள் குடும்பத்தில் அகதியாக இருந்தவர் யார்? அவருக்காக முதலில் பேசிய அந்நியர் யார்? பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கின்றீர்களா?

3. 2019இல் நீர்கொழும்பில் வீடிழந்த குடும்பம் உங்கள் கதவைத் தட்டியிருந்தால், என்ன செய்திருப்பீர்கள்? இன்று தட்டினால்?